பாசாங்கும் பரிசோதனையும்

2000 மார்ச் 3, சாந்தியாகோ விமான நிலையம். விசாரணையைத் தாங்கும் நிலையில் அவர் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னதன் பேரில் லண்டன் காவலிலிருந்து விடுவிக்கப்பட்ட ஜெனரல் பினோசெட் சக்கர நாற்காலியில் இறக்கப்படுகிறார். ராணுவத் தளபதியைக் கண்டதும் எழுந்து நின்று தழுவிக்கொள்கிறார். 3000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதற்கும் காணாமலாக்கப்பட்டதற்கும் பொறுப்பான ஆட்சியின் தலைவர் அவர்.

'ஆளு நல்லா நடிச்சுட்டான்யா' என்றார் ஒரு தோழர். நானும் தலையாட்டியவன்தான். ஆனால் லண்டன் மருத்துவர்கள் பேசியது கால்களைப் பற்றியல்ல, மூளையைப் பற்றி. நடிப்பின் அடையாளம் தெரியவில்லை என்பதும் அவர்கள் முடிவு. எழுந்து நின்றது எதையும் நிரூபித்துவிடாது.

பாசாங்கை உளவியல் எப்படிப் பிடிக்கிறது? கடினமாகத் தோன்றும், ஆனால் உண்மையில் எளிதான ஒரு சோதனையை முன்வைக்கிறது. டாம்பா 1996இல் வெளியிட்ட சோதனையில் 50 கோட்டுப் படங்களைக் காட்டுவார்கள். பிறகு இரண்டிரண்டாகக் காட்டி, 'முன்னே பார்த்தது எது?' என்பார்கள். ஒன்றுமே நினைவில்லாதவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஏறக்குறைய 25 சரியாக வரும். அதற்கும் வெகுகீழே போகிறான் என்றால் சரியான விடை அவனுக்குத் தெரியும், தெரிந்தே தவிர்க்கிறான். அறியாமையை நடிப்பதற்கும் அறிவு வேண்டும் என்பதே இதன் தர்க்கம். ஆனால் இந்தச் சோதனையில் ஐயம் தொடங்கும் எல்லை 45. முற்றிய மறதிநோய் உள்ளவர் நேர்மையாக முயன்றும் அதற்குக் கீழே விழலாம். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைப் பொய்யர் என்றுவிட முடியாது.

இந்தச் சந்தேகம் முதலில் யார்மீது பாய்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் உலகப் போரில் நடுங்கிய, பேச்சிழந்த சிப்பாய்களுக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள். சிகிச்சையின் வலி போர்முனையைவிடக் கொடியதாக இருந்தால் 'நோய்' தானே ஓடிவிடும் என்பது கணக்கு. போர் முடிந்தபின், 1920இல், வியன்னாவில் மருத்துவர் வாக்னர்-யாவ்ரெக் மீதான புகாரை ஒரு குழு விசாரித்தது. சாட்சியம் சொன்ன ஃப்ராய்ட், முழுப் பாசாங்குக்காரர்கள் சொற்பமே என்றார். போர்முனைக்குப் பின்னால் நிறுத்தப்பட்ட இயந்திரத் துப்பாக்கிகளாக மருத்துவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்ற பொருளிலும் பேசினார். குழு வாக்னர்-யாவ்ரெக்கைக் குற்றமற்றவர் என்றது. 1927இல் வேறு ஆய்வுக்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

சிப்பாயின் நடுக்கத்தை நம்பாத மருத்துவம் ஜெனரலின் மறதியை மரியாதையோடு கேட்டுக்கொண்டது. அதிகாரம் சந்தேகத்தையும் படிநிலைப்படியே பங்கிட்டுத் தருகிறது.

ஆகவே ஜெனரலையும் அப்படியே வதைத்திருக்க வேண்டும் என்று வாதிடலாமா? நம்மில் பலருக்கு நாக்கு நுனியில் இருக்கிற பதில் அதுதான். ஆனால் நாம் கூர்தீட்டிக் கொடுக்கும் சந்தேகம் நாளைக்கு நஷ்டஈடு கேட்டு நிற்கும் தொழிலாளியிடமும் அகதியிடமும்தான் முதலில் போய்ச் சேரும். மேலே இருப்பவனுக்கு வக்கீலும் வைத்தியரும் உண்டு.

சிலியில் நடந்தது வேறு. 2002 ஜூலையில் உச்சநீதிமன்றம் மறதிநோயைக் காட்டி வழக்கை முடித்தது. 2003 நவம்பரில் மயாமித் தொலைக்காட்சி ஒன்றுக்கு ஜெனரல் தெளிவாகப் பேட்டி கொடுத்தார்; யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்றார். பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர்கள் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 2004 மே மாதத்தில் அவரது சட்டப் பாதுகாப்பு பறிக்கப்பட்டது. டிசம்பரில் நீதிபதி குஸ்மான், விசாரிக்கத் தகுந்தவரே என்றார். அவரைச் சிக்கவைத்தது சோதனைத்தாள் அல்ல, தன்னைப் பற்றிப் பேசாமலிருக்க முடியாத அவர் வாய்தான். பொது வெளியில் பேசியது, நீதிமன்றத்தில் எதிர்வாதத்தோடு சோதிக்கப்பட்டது. சிப்பாய்க்குக் கிடைக்காத நியாயம் அது.

2006 டிசம்பர் 10இல் தண்டனை எதுவும் பெறாமலே அவர் செத்துப்போனார். அவருக்கு என்ன நினைவிருந்தது என்பது இனித் தெரியப்போவதில்லை. காணாமல்போனவர்களின் படங்களை நெஞ்சில் குத்திக்கொண்டு தெருவில் நின்ற பெண்களின் ஞாபகத்தை மட்டும் எவரும் பரிசோதிக்க வேண்டியிருக்கவில்லை.