மூன்று முறை வேலை பறிக்கப்பட்ட பியானோ டீச்சர்

போன செமஸ்டர் பரீட்சை முடிந்த அன்று ராத்திரி ஹாஸ்டலில் நாலைந்து பேர் சேர்ந்து லேப்டாப்பில் ஒரு படம் பார்த்தோம். 2017ல் வந்த 'தி டெத் ஆஃப் ஸ்டாலின்'. ரஷ்யாவில் 2018 ஜனவரியில் ரிலீஸுக்குக் கொஞ்சம் முன்னால் அரசாங்கம் அனுமதியை ரத்து செய்த படம். அரசியல் நையாண்டி பிடித்தவர்கள் தவறாமல் பாருங்கள்.

படம் ஒரு கச்சேரியோடு ஆரம்பிக்கிறது. ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு, ஒரு பெண் பியானோ வாசிக்கிறார். முடிந்ததும் ஸ்டாலினிடமிருந்து போன், அந்தக் கச்சேரியின் ரெக்கார்டு வேண்டுமாம். யாரும் பதிவு செய்யவில்லை! கதவைச் சாத்தி, கூட்டத்தைத் திரும்ப உட்கார வைத்து மறுபடி வாசிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பெண் முதலில் முடியாது என்கிறார். பிறகு ரெக்கார்டு உறைக்குள் ஸ்டாலினைத் திட்டி ஒரு சீட்டு எழுதி வைக்கிறார். அதைப் படிக்கும்போதுதான் ஸ்டாலின் சுருண்டு விழுகிறார்.

"செம கற்பனைடா" என்றான் பக்கத்தில் இருந்த நண்பன். எனக்கு மட்டும் அந்தப் பெயர் மனதில் நின்றுவிட்டது. மரியா யூதினா. தேடிப் பார்த்தால் அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்திருக்கிறார். 1899ல் பிறந்து 1970ல் இறந்தவர். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது, மேற்கத்திய சங்கீதமும் கேள்வி ஞானம்தான். இது ஒரு சரித்திர மாணவன் பார்வையில் எழுதியது. தப்பிருந்தால் சொல்லுங்கள்.

முதலில் அந்தக் கதையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இவரைப் பற்றி யார் எழுதினாலும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். (நானும்தான்!) அது வந்த இடம் 'டெஸ்டிமனி' என்ற புத்தகம். இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் சொல்லச் சொல்ல எழுதியது என்று சொல்லி, சாலமன் வோல்கோவ் என்பவர் 1979ல் அமெரிக்காவில் வெளியிட்டார். ஷோஸ்தகோவிச் 1975லேயே இறந்துவிட்டார். புத்தகத்தில் உள்ளபடி, ஸ்டாலின் ரேடியோவில் கேட்டது மோட்சார்ட்டின் 23வது பியானோ கான்செர்ட்டோ. அதிகாரிகள் ராத்திரியோடு ராத்திரியாக வாத்தியக் குழுவையும் யூதினாவையும் வரவழைத்துப் பதிவு செய்தார்களாம். பயத்தில் இரண்டு நடத்துனர்களுக்கு ஓடவில்லை, மூன்றாமவர்தான் முடித்துக் கொடுத்தாராம். (பஸ் நடத்துனர் இல்லை, வாத்தியக் குழுவைக் கையில் குச்சி வைத்து நடத்துகிறவர்.) ஸ்டாலின் 20,000 ரூபிள் அனுப்ப, யூதினா நன்றி சொல்லி, உங்கள் பாவங்களைக் கடவுள் மன்னிக்கப் பிரார்த்திக்கிறேன், பணத்தை என் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டேன் என்று பதில் எழுதினாராம். ஸ்டாலின் செத்துக்கிடந்தபோது அந்த ரெக்கார்டுதான் கிராமபோனில் இருந்ததாம்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்தக் கடிதத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. புத்தகமே எந்த அளவுக்கு ஷோஸ்தகோவிச் சொன்னது என்று 1980லிருந்து ஆராய்ச்சியாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். யூதினா அந்தக் கான்செர்ட்டோவைப் பதிவு செய்தது உண்மை. அலெக்சாந்தர் காவுக் நடத்தியது, இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது. ஆனால் அது ஒரே ராத்திரியில் பயந்து நடுங்கிச் செய்த பதிவு என்பதற்கு ஆதாரம் கிடையாது. யூதினாவின் வாழ்க்கையை விரிவாக எழுதி 2022ல் வெளியிட்ட எலிசபெத் வில்சனும் இந்தக் கதையை நம்பவில்லை.

எனக்கு இந்தக் கதை மேல் இருக்கும் கோபம் வேறு. இதில் ஹீரோ யார் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டாலின்தான்! கொடுங்கோலனுக்கும் உள்ளே ஒரு ரசிகன் இருந்தான், ஒரு பெண்ணின் இசைக்கு உருகினான் என்று முடிகிறது. யூதினாவுக்கு உண்மையில் நடந்தது இப்படி ஒரு ராத்திரி விவகாரம் இல்லை. முப்பது வருஷத்தில் மூன்று முறை வேலையை விட்டுத் துரத்தினார்கள். சினிமாவுக்கு அது ஆகாது போல.

யூதினா பிறந்தது நெவெல் என்ற சின்ன ஊரில், ஒரு யூதக் குடும்பத்தில். அப்பா டாக்டர். பெட்ரோகிராடு இசைக் கல்லூரியில் லியோனித் நிகோலாயெவ் என்ற பெரிய வாத்தியாரிடம் படித்தார். அதே வாத்தியாரிடம் படித்தவர்கள் ஷோஸ்தகோவிச், விளாதிமிர் சோஃப்ரோனித்ஸ்கி. (என்ன ஒரு வகுப்பு!) 1921 இறுதித் தேர்வில் யூதினா, சோஃப்ரோனித்ஸ்கி இருவருமே லிஸ்ட்டின் பி மைனர் சொனாட்டாவை வாசித்துத் தேறினார்கள். படிப்பு முடிந்த கையோடு யூதினாவுக்கு அதே கல்லூரியில் ஆசிரியர் வேலை.

ஆனால் அதற்கு முன்பே, 1919ல், அவர் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சர்ச்சில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். வருஷத்தைக் கவனியுங்கள். புரட்சி நடந்து இரண்டு வருஷம். சர்ச் சொத்தை அரசு எடுத்துக்கொண்டு, பாதிரியார்களைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம். ஆதாயத்துக்காக அப்போது யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். அவர் அதை ஒளிக்கவும் இல்லை. கழுத்தில் சிலுவை, நீளமான கறுப்பு அங்கி, அந்தக் கோலத்தோடுதான் மேடைக்கும் போவார், வகுப்புக்கும் போவார்.

பாடம் நடத்திய விதமும் அப்படித்தான். விரலை எங்கே வைப்பது என்பதோடு நிற்க மாட்டார். ஓவியம், கவிதை, கட்டிடக்கலை, தத்துவம் எல்லாம் வகுப்புக்குள் வந்துவிடும். பெட்ரோகிராடு பல்கலைக்கழகத்தில் சரித்திர, மொழியியல் வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்து கேட்டவர் அவர். நெவெல் நாட்களிலிருந்தே நெருங்கிய நண்பர் மிகயீல் பக்தின். ஆமாம், இலக்கிய மாணவர்கள் தியரி பேப்பரில் படித்து அவஸ்தைப்படும் அதே பக்தின்தான். அவரைக் கைது செய்து சொலோவ்கி தீவு முகாமுக்கு அனுப்பத் தீர்ப்பானபோது, கார்க்கியின் முதல் மனைவி பெஷ்கோவா மூலமாக மன்றாடியவர்களில் யூதினாவும் ஒருவர். உடல்நலத்தைக் காட்டித் தண்டனை கஜகஸ்தானுக்கு நாடு கடத்துவதாக மாறியது. சொலோவ்கி போயிருந்தால் பக்தின் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

முதல் அடி 1930ல். மதச் சங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1929 ஏப்ரலில் வந்திருந்தது. நாடு முழுக்க நாத்திகப் பிரச்சாரம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது, லெனின்கிராடு (அதாவது பழைய பெட்ரோகிராடு) கல்லூரி அவரை வெளியேற்றியது. அவர் வாசிப்பில் யாரும் குறை சொல்லவில்லை. சாமி கும்பிடுகிறவர் சோவியத் மாணவர்களுக்குச் சொல்லித்தரக் கூடாது, அவ்வளவுதான். 1932-33ல் ஜார்ஜியாவின் திபிலிசியில் கொஞ்ச நாள் வேலை. பிறகு 1936ல் ஹென்ரிக் நெய்ஹாஸ் பரிந்துரை செய்ததில் மாஸ்கோ இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ரிக்டர், கிலெல்ஸ் இருவருக்கும் குரு இந்த நெய்ஹாஸ். யூதினா தனக்குப் போட்டி என்று நினைக்காமல் கூப்பிட்டாரே, அதற்கே ஒரு சலாம்.

அடுத்த வருஷங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். திருமணம் செய்துகொள்வதாக இருந்த இளைஞர், அவருடைய மாணவர் கிரில் சால்திகோவ், 1939ல் மலையேறப் போன இடத்தில் இறந்தார். யூதினா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தமாக ஒரு பியானோ கூட வாங்கியதில்லை, வாடகைப் பியானோதான்! வருகிற பணமெல்லாம் கஷ்டப்படுகிறவர்களுக்கும் நாடு கடத்தப்பட்டவர்களுக்கும் போய்விடும், போதாமல் கடன் வேறு. 1943ல் முற்றுகையில் பட்டினி கிடந்த லெனின்கிராடுக்குள் போய்க் கச்சேரி செய்தார். யுத்த காலத்து இன்னொரு சம்பவத்தை ரிக்டர் சொல்லியிருக்கிறார். அமைதியாகப் போக வேண்டிய ஒரு பாக் பிரெலூடை யூதினா இடி மாதிரி வாசித்தாராம். ஏன் இப்படி என்று நெய்ஹாஸ் கேட்டதற்கு, இப்போது யுத்தம் நடக்கிறதே என்றாராம். எல்லோருக்கும் பிடிக்கிற வாசிப்பு இல்லை அது. ரிக்டருக்கே பாதிதான் பிடித்திருக்கிறது.

இரண்டாவது அடி 1951ல். 1948 பிப்ரவரியில் கட்சி ஒரு தீர்மானம் போட்டு ஷோஸ்தகோவிச், புரோகோஃபியெவ் முதலியவர்களை 'ஃபார்மலிஸ்ட்' என்று திட்டியது. மக்களுக்குப் புரியாத இசை எழுதுகிறவர்கள் என்று அர்த்தம். அடுத்த வருஷம் 'நாடற்ற காஸ்மோபாலிட்டன்கள்' மேல் பாய்ந்தார்கள், அதில் குறி வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் யூதர்கள். யூதினா எல்லாப் பட்டியலிலும் பொருந்துகிறவர். பிறப்பால் யூதர், நம்பிக்கையால் கிறிஸ்தவர், ரசனையால் நவீன இசைக்காரர். இதற்கு நடுவில் 1947 பிப்ரவரியில் பாஸ்டர்நாக் இன்னும் முடிக்காத 'டாக்டர் ஷிவாகோ'வின் அத்தியாயங்களைப் படித்துக் காட்டியது யூதினா வீட்டில்தான். முகாமிலிருந்து திரும்பிய கவிஞர் சபோலோத்ஸ்கிக்கு ஷூபர்ட் பாடல்களை மொழிபெயர்க்கும் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கடைசியில் மாஸ்கோ கல்லூரியும் அவரை அனுப்பிவிட்டது. 1944லிருந்து நெசின் இசை நிறுவனத்திலும் சொல்லிக்கொடுத்து வந்ததால் பிழைப்பு ஓடியது.

இனி மூன்றாவது. இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. 1953ல் ஸ்டாலின் போய்விட்டார். 1956ல் குருஷ்சேவ் அவரைத் தோலுரித்துப் பேசினார். பனி உருகும் காலம் என்று நம் பாடப் புத்தகங்களும் சொல்கின்றன. ஆனால் அதே குருஷ்சேவ்தான் 1958 வாக்கில் மதத்துக்கு எதிராக மறுபடி ஒரு பெரிய இயக்கம் தொடங்கி, சர்ச்சுகளை ஆயிரக்கணக்கில் மூட வைத்தார். 1960ல் நெசின் நிறுவனம் யூதினாவை வெளியே அனுப்பியது. காரணம் ஒன்று மதம், இன்னொன்று மேற்கத்திய நவீன இசைக்குப் பரிந்து பேசியது. அப்போது அவருக்கு 60 வயது. அதே வருஷம் மே 30ல் பாஸ்டர்நாக் இறந்தார். நோபல் பரிசு விவகாரத்துக்குப் பிறகு அவர் பெயரைச் சொல்லவே பலர் பயந்த நேரம். பெரெதெல்கினோ வீட்டில் அவர் உடல் வைத்திருந்தபோது வந்து பியானோ வாசித்தவர்களில் ரிக்டரும் இருந்தார், யூதினாவும் இருந்தார்.

அதோடு சும்மா இருந்தாரா? 1960களின் தொடக்கத்தில் லெனின்கிராடு கச்சேரி ஒன்றில் மேடையிலேயே பாஸ்டர்நாக் கவிதையை வாசித்தார். பிறகு சில வருஷம் மேடை கிடைக்கவில்லை. ஸ்ட்ராவின்ஸ்கிக்கும் வெளிநாட்டு நவீன இசைக்காரர்களுக்கும் கடிதம் எழுதி, இசைத்தாள் வரவழைத்துப் படித்தார். ஸ்ட்ராவின்ஸ்கி 1962ல் சுமார் அரை நூற்றாண்டுக்குப் பிறகு தாய்நாட்டுக்கு வந்தபோது நேரில் சந்தித்தார்.

ஸ்டாலின்தான் அவரைக் காப்பாற்றினார், அதனால்தான் கைதாகவில்லை என்று சிலர் சொல்வார்கள். அந்த ரெக்கார்டு கதை இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இத்தனை பேரைப் பிடித்த ஆட்சி இவரை ஏன் விட்டது என்ற கேள்விக்கு அது சுலபமான பதில். நெய்ஹாஸையே 1941ல் பிடித்து மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மூன்று முறையும் அவரை வெளியேற்றியது அவர் சொல்லிக்கொடுத்த கல்லூரிகள்தான், மூன்றாவது தடவை ஸ்டாலின் உயிரோடே இல்லை. கச்சேரி வாசிக்க விட்டாலும், மாணவர்கள் முன்னால் நிற்க மட்டும் விடக்கூடாது என்பதில் எல்லோரும் குறியாக இருந்திருக்கிறார்கள்.

1966ல் தடை தளர்ந்தபோது அவர் மாஸ்கோ இசைக் கல்லூரிக்கு ரொமான்டிசிசம் பற்றித் தொடர் சொற்பொழிவு செய்யப் போனார். 1951ல் வெளியே அனுப்பிய அதே கல்லூரி. நான்கு வருஷம் கழித்து, 1970 நவம்பர் 19ல் மாஸ்கோவில் இறந்தார். வ்வெதென்ஸ்கோயே கல்லறையில் புதைத்திருக்கிறார்கள்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: அந்த மோட்சார்ட் 23ல் நடுப் பகுதியை மட்டும் முதலில் கேளுங்கள். மற்றவர்கள் வாசித்ததைவிட மெதுவாக, ஒவ்வொரு சுரமும் யோசித்து இறங்குகிற மாதிரி இருக்கும். பிறகு 1968ல் அவர் பதிவு செய்த பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ். அது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், பயப்படாதீர்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ரூமில் அதுதான் ஓடுகிறது, படம் பார்த்த நண்பன் ஹெட்போன் போடச் சொல்லித் திட்டுகிறான்.