ஆப்பிள்களும் ஆரஞ்சுகளும்

‘ஆப்பிள்களும் ஆரஞ்சுகளும்’ என்பது பிரெஞ்சு ஓவியர் பால் செசான் 1899ஆம் ஆண்டு வாக்கில் கித்தானில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். 74 செ.மீ. உயரமும் 93 செ.மீ. அகலமும் உடையது. பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. பழம், பாத்திரம், துணி முதலியவற்றை அடுக்கிவைத்துத் தீட்டும் அசையாப் பொருள் ஓவிய வகையில், நவீன ஓவியத்தின் திசையையே மாற்றிய படைப்புகளுள் இது ஒன்று.

ஓவியர்

செசான் தென் பிரான்சின் எக்ஸ்-அன்-ப்ரொவான்ஸ் நகரில் 1839 ஜனவரி 19 அன்று பிறந்தார். வங்கி உரிமையாளரான தந்தையின் விருப்பப்படி சட்டம் பயின்றவர், இளமைத் தோழரும் எழுத்தாளருமான எமில் ஸோலாவின் தூண்டுதலால் 1861இல் பாரிஸ் சென்றார். ‘சலோன்’ எனும் அரசுசார் கண்காட்சி அவருடைய ஓவியங்களைத் திரும்பத் திரும்ப நிராகரித்தது. 1870களில் ஓவியர் கமீல் பிஸாரோவுடன் திறந்தவெளியில் தீட்டியபோது அவருடைய இருண்ட வண்ணங்கள் தெளிந்தன. 1874, 1877 ஆண்டுகளில் இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சிகளில் பங்கேற்றார். ஓவிய வணிகர் அம்புருவாஸ் வொல்லார் அவருக்கு முதல் தனிக்கண்காட்சி நடத்திய 1895இல் செசானுக்கு வயது 56.

உருவான விதம்

பிரெஞ்சுக் கலைக்கழகம் வரலாற்று, புராணக் காட்சிகளை உச்சியிலும் அசையாப் பொருள் ஓவியத்தைக் கடைசியிலும் வைத்திருந்தது. அந்தக் கடைசி வகையைத்தான் செசான் வாழ்நாள் முழுவதும் கைவிடாமல் தீட்டினார். அவருடைய நிதானமான வேகத்துக்கு அதுவே ஒத்துவந்தது. வொல்லாரின் உருவப்படத்துக்கு அவரை 115 முறை உட்காரவைத்தவர் செசான். ஓவியம் முடியும்வரை பூக்கள் வாடாமல் இருப்பதில்லை என்பதால் காகிதப் பூக்களை வைத்துத் தீட்டியதும் உண்டு. பழங்களை அடுக்குவதிலும் அதே பொறுமை. அடியில் நாணயங்களைச் செருகி ஒவ்வொன்றின் சாய்வையும் அவர் சரிசெய்ததை உடனிருந்த இளம் ஓவியர் ஒருவர் பதிவுசெய்திருக்கிறார். பாரிஸ் ஓவியக்கூடத்தில் ஒரே தட்டு, குவளை, துணிகளை மாற்றி மாற்றி அமைத்துத் தீட்டிய ஆறு ஓவியங்களின் வரிசையில் இதுவும் அடங்கும்.

அமைப்பு

இடப்புறத் தட்டு பார்ப்பவரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஆப்பிள்கள் உருண்டுவிடும் என்றே தோன்றும். ஆயினும் விழுவதில்லை. நடுவில் உயர்ந்த பாதமுள்ள வெள்ளைக் கிண்ணத்தில் ஆரஞ்சுகள். வலப்புறக் குவளையின் உடலில் பூ வேலைப்பாடு. கீழே மடிந்து வழியும் வெள்ளைத் துணி, மேசையின் விளிம்பைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. ஒரு பொருள் மேலிருந்தும் மற்றொன்று பக்கவாட்டிலிருந்தும் பார்த்ததுபோல் இருப்பதால், மறுமலர்ச்சிக் காலம் முதல் நிலவிய ஒற்றைப் பார்வைக்கோணம் இங்கே தளர்கிறது. அதைத் தளர்த்திவிட்டும் ஓவியம் சிதறாமல் நிற்பதுதான் செசானின் சாதனை. திரட்சியை நிழலால் காட்டுவதைக் காட்டிலும் நிறங்களால் கட்டியெழுப்பினார்: சிவப்பின் அருகே ஆரஞ்சு, அதன் அருகே மஞ்சள் என ஒவ்வொரு தீற்றலும் பழத்தின் வளைவில் ஒரு திருப்பமாகிறது.

பிற்கால வரலாறு

செசான் 1906 அக்டோபரில் சொந்த ஊரில் காலமானார். மறு ஆண்டு பாரிஸில் ‘இலையுதிர்கால சலோன்’ எனும் வேறொரு அமைப்பில் நடந்த நினைவுக் கண்காட்சி இளம் ஓவியர்களை ஆட்கொண்டது. பிக்காஸோவும் பிராக்கும் அவரிடம் கற்றதைக் கொண்டு கியூபிஸம் எனும் ஓவியப் பாணியை வளர்த்தெடுத்தனர். மத்தீஸோ 1899இலேயே அவருடைய ஓவியமொன்றை வாங்கிப் பல்லாண்டுகள் தம்மிடம் வைத்திருந்தார். ‘ஆப்பிள்களும் ஆரஞ்சுகளும்’ ஓவியத்தைச் சேகரித்திருந்த இசாக் தெ கமோந்தோ, 1911இல் இறந்தபோது தம் தொகுப்பை லூவர் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்திருந்தார். 1947இல் ஜூ தெ போம் அருங்காட்சியகத்துக்கு மாறிய ஓவியம், ஓர்சே திறக்கப்பட்ட 1986 முதல் அங்கே இருந்துவருகிறது. சலோன் வாசலில் திருப்பியனுப்பப்பட்டவரின் பழத்தட்டு பிரெஞ்சு நாட்டின் உடைமையாக, செசான் இறந்து ஐந்தே ஆண்டுகள் போதுமானதாக இருந்தன.