டில்லியில் படம் பார்த்த கதை

போன ஞாயிறு ராத்திரி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாலு பேர், நாலு போன். தங்கமணி போனில் யாரோ ஒரு அம்மா கறிவேப்பிலைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். மகள் சத்தத்தை அணைத்துவிட்டு விரலால் தள்ளித் தள்ளி ரீல்ஸ் பார்த்தாள். அப்பா (வயது 87) போனைக் காதோடு ஒட்டிவைத்து உபன்யாசம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மட்டும் ஒழுங்கா என்று கேட்காதீர்கள். பழைய கிரிக்கெட் மேட்ச், அதுவும் முடிவு தெரிந்த மேட்ச். தோசை ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

இதே டில்லியில் 1987-ல் ஒரே ஒரு பெட்டிக்கு முன்னால் முப்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அங்கிருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்று யோசித்ததன் விளைவு இது. கொஞ்சம் நீளம். கொசுவத்தியும் நிறையச் சுற்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் டிவி பிறந்த ஊரே டில்லிதான். 1959 செப்டம்பர் 15 அன்று, பாராளுமன்றத் தெருவில் இருக்கும் ஆகாசவாணி பவனில், யுனெஸ்கோ உதவியுடன் சோதனையாக ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு இரண்டே நாள், கொஞ்ச நேரம். அதுவும் வீட்டில் சாய்ந்துகொண்டு பார்ப்பதற்கு அல்ல. டில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் 'டெலிகிளப்' என்று பொது இடங்களில் பெட்டியை வைத்து, ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்துக் காட்டினார்கள். என்ன காட்டினார்கள்? சுகாதாரம், சாலை விதி, குடிமகனின் உரிமையும் கடமையும். பார்த்து முடித்ததும் அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 1961-ல் டில்லிப் பள்ளிக்கூடங்களுக்குப் பாடம் வந்தது. தினசரி ஒளிபரப்பு 1965-ல்தான். விவசாயிகளுக்கான 'கிருஷி தர்ஷன்' 1967 ஜனவரி 26-ல் ஆரம்பித்தது.

மெட்ராசுக்கு டிவி வந்தது 1975 ஆகஸ்ட் 15. ஆக, கரோல் பாக்கிலும் லோதி காலனியிலும் குடியிருந்த நம் செக்ரடேரியட் மாமாக்கள், மயிலாப்பூர்க்காரர்களுக்கு 16 வருஷம் முன்பே டிவி இருந்த ஊரில் வாழ்ந்தவர்கள். என்ன பிரயோஜனம், அதில் தமிழ் வராதே!

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. வீடியோ பார்த்து மனுஷன் பழக்கம் கெட்டுப்போகிறது என்று இன்று புலம்புகிறோம். ஆனால் இந்த நாட்டில் டிவியைக் கொண்டுவந்ததே பழக்கத்தை மாற்றத்தான். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை வாங்கிவைத்து ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சி அனுப்பினார்களே, சைட் திட்டம், அதுவும் இதற்குத்தான். 1984 ஜூலை 7-ல் 'ஹம் லோக்' தொடங்கியபோதும் அதே கணக்கு. மெக்சிகோவில் நாடகத் தொடர் மூலம் குடும்பக் கட்டுப்பாடு பிரசாரம் செய்ததைப் பார்த்து, அதே மாதிரி இங்கேயும். ஒவ்வொரு பகுதி முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். லட்சக்கணக்கில் கடிதம் வந்து குவிந்தது. ஸ்பான்சர் யார் தெரியுமா? மேகி நூடுல்ஸ். அந்தத் தொடரைப் பார்த்து எத்தனை பேர் குடும்பத்தைக் கட்டுப்படுத்தினார்கள் என்று தெரியாது. இரண்டு நிமிஷ நூடுல்ஸ் மட்டும் எங்கள் பட்டுக்கோட்டை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

பட்டுக்கோட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்தபோது எங்கள் பக்கம் டெல்டாவில் தென்னை மர உயரத்துக்கு ஆன்டெனா வைத்தவர்கள் உண்டு. சென்னை எட்டாது, கொழும்பு எட்டும். சிங்கள நிகழ்ச்சிகளுக்கு நடுவே எப்போது தமிழ் வரும் என்று ஒரு தெருவே திண்ணையில் காத்துக்கிடக்கும். அதே வருஷம் ஆகஸ்ட் 15-ல் டில்லியில் கலர் வந்தது, தேசிய ஒளிபரப்பும் அன்றுதான். நவம்பரில் ஆசிய விளையாட்டு. நாடு முழுக்கப் பெட்டி விற்றது.

நான் 1987-ல் வேலைக்காக டில்லி வந்தேன். கரோல் பாக்கில் ஒரு பஞ்சாபி வீட்டு மொட்டை மாடி 'பர்சாத்தி'. வாடகை குறைவு, ஆனால் கூடவே எழுதப்படாத ஒரு ஒப்பந்தமும் உண்டு: காற்றடித்து ஆன்டெனா திரும்பினால் அதைச் சரிசெய்வது பர்சாத்திக்காரன் பொறுப்பு. கீழேயிருந்து வீட்டுக்கார அம்மாள், "மத்ராசி பேட்டா, தோடா அவுர்!" என்று கத்துவார். ஞாயிறு காலை 'ராமாயண்' நேரத்தில் சிக்னல் போனால் தொலைந்தேன். 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை அந்தத் தொடர் ஓடியது. பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றி, குளித்துவிட்டு வந்து உட்காருவார்கள். அந்த நேரத்தில் தெருவில் ஆட்டோ கிடைக்காது. தொடர் முடிந்ததும் உத்தர காண்டத்தையும் எடுக்கவேண்டும் என்று ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அதற்கப்புறம் அதுவும் எடுக்கப்பட்டது.

முப்பது பேர் என்று சொன்னேனே, அது அந்த வீட்டு ஹால்தான். அவர்களின் உறவினர், பக்கத்து வீடு, எதிர் வீட்டு வேலைக்காரப் பையன், நான். ஹிந்தி எனக்கு அங்கேதான் வந்தது. கொஞ்சம் சமஸ்கிருத வாடை வீசும் ராமாயண ஹிந்தி. ஆபீசில் அதைப் பேசி நிறைய சிரிக்கவைத்திருக்கிறேன்.

தமிழுக்கு என்ன வழி? ஞாயிறு மத்தியானம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள், வாரம் ஒரு மொழி, ஆங்கில சப்டைட்டிலோடு. அசாமி, வங்காளி, ஒடியா எல்லாம் வந்துபோய் தமிழ் முறை வருவதற்குள் மாதங்கள் ஆகிவிடும். வந்தாலும் விருதுப் படமாக, சோகமாக இருக்கும். அதனால் என்ன, மொழியைக் கேட்டாலே போதும் என்று இருந்தது. மற்றபடி வாடகை கேசட்தான். பத்துப் பதினைந்து பேச்சிலர்கள் காசு போட்டு ஒரு நாள் வாடகைக்கு விசிஆரும் நாலு கேசட்டும் எடுத்து, சனி இரவு முழுக்கப் பார்த்து, ஞாயிறு கண் சிவந்து கிடப்போம். பிரிண்ட் இருக்கும் லட்சணத்தில் ஹீரோ யார் வில்லன் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. அதைப் பார்க்கும் ஆசை எங்களை என்ன பாடுபடுத்தியது என்பதை எழுதவேண்டும், ஏனென்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அப்போது கல்யாணமாகி மயூர் விஹாருக்கு வந்துவிட்டோம். தமிழ் சேனலுக்குத் தனியாக டிஷ் வைக்கவேண்டும், இருபது வீடு சேர்த்துக் கொண்டுவந்தால் போடுகிறேன் என்றார் கேபிள்காரர். நானும் தங்கமணியும் சாயங்காலம் கிளம்பி, வாசலில் கோலம் இருக்கிறதா, பால்கனியில் வேட்டி காய்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கதவு தட்டினோம். மூன்று வாரத்தில் இருபத்திமூன்று வீடு. அதில் நான்கு வீடு மலையாளிகள், எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள். அந்த இருபத்திமூன்றில் பாதிப்பேர் இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறார்கள். பின்னாடி டிடிஎச் வந்து, மாடிக்கு மாடி சின்ன தட்டு முளைத்தபோது, யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. வசதிதான். மறுக்கவில்லை.

இனி யூட்யூப். 2005 ஏப்ரல் 23-ல் மிருகக்காட்சிசாலையில் யானை முன்னால் ஒருவர் நின்று பேசும், இருபது விநாடிகூட இல்லாத வீடியோதான் அதன் முதல் வீடியோ. அடுத்த வருஷமே கூகுள் 165 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. இந்தியப் பதிப்பு 2008 மே மாதம் வந்தது. நம்மூர் நிலைமை வேறு. 2004-ல் அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட்! நாலு நிமிஷப் பாட்டைத் தட்டிவிட்டு, காபி போட்டுக் குடித்து வந்தால் பாதி வந்திருக்கும். அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் குடும்பத்தோடு பேசினோம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி டி' வந்தபோது எங்கள் ஆபீஸ் பஞ்சாபி நண்பர்கள் எல்லாம் என்னிடம் வந்து அர்த்தம் கேட்டார்கள். இருபத்துநாலு வருஷமாக இட்லி, சாம்பார், ரஜினி தவிர வேறெதுவும் என்னிடம் கேட்காதவர்கள்.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது 2016 செப்டம்பர் 5. ஜியோ. அதுவரை ஒரு ஜிபி டேட்டாவுக்குச் சுமார் 250 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். வைஃபை இருக்கும் இடத்தில் வீடியோவைச் சேமித்துக்கொண்டு, வழியில் பார்த்த காலம். திடீரென்று 2017 மார்ச் வரைக்கும் இலவசம் என்றால்? மெட்ரோவில் எல்லாத் தலையும் குனிந்தது அந்தக் குளிர்காலத்தில்தான் என்று எனக்கு ஒரு கணக்கு.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. 2012-ல் யூட்யூப், எத்தனை பேர் தட்டினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முக்கியமாக எடுத்துக்கொண்டு சிபாரிசு செய்ய ஆரம்பித்தது. 2018-ல் அந்தக் கம்பெனி அதிகாரியே சொன்ன விவரம்: பார்க்கப்படும் நேரத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் அவர்கள் சிபாரிசு செய்ததைப் பார்ப்பதுதான். டெலிகிளப்பில் என்ன பார்க்கவேண்டும் என்று சர்க்கார் முடிவு செய்தது. நடுவில் கொஞ்ச காலம் நாம் முடிவு செய்தோம், கேசட் கடை வரிசையில் நின்றாவது. இப்போது மறுபடி வேறொருவர்.

இது வெறும் பேச்சு இல்லை. அம்மா காலமான பிறகு அப்பா எங்களோடு டில்லி வந்தார். பேச ஆள் இல்லாத ஊரில் யூட்யூப்தான் துணை. 2022 குளிர்காலத்தில் ஒரு நாள் பாத்ரூம் வாசலில் தலைசுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் 200-க்கு மேல். விசாரித்ததில், மூன்று வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ கஷாயம். "ஒரு டாக்டர் தமிழ்ல அவ்வளவு தெளிவா சொன்னார்டா, உங்க டாக்டர் இங்கிலீஷ்ல ரெண்டு நிமிஷம் பேசறார்" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. அவர் போனை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க அதே மாதிரி பத்துப் பதினைந்து பேர். ஒன்றைப் பார்த்தார், மிச்சம் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பார்த்த வரலாற்றை அழித்துவிட்டு, இரண்டு ராத்திரி அவர் போனில் நானே உட்கார்ந்து உபன்யாசமும் மதுரை சோமு கச்சேரியும் ஓடவிட்டேன். மூன்றாம் நாள் முதல் பக்கம் மாறியது. அடுத்த தடவை தமிழ் தெரிந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அரை மணி நேரம் பேசினார்கள். மாத்திரையை இப்போது அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

மறுபக்கமும் சொல்லவேண்டும். என் மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது (தப்பு எங்கள் மேல்தான்). ஆனால் பேசும் தமிழ், எங்களிடம் வந்ததைவிட வீடியோவில் வந்ததுதான் அதிகம். கோயம்புத்தூர் 'ஏனுங்க'வும் சென்னை 'செம'வும் கலந்து பேசுவாள். எங்கள் தஞ்சாவூர்ப் பேச்சு மட்டும் துளியும் இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' பார்த்துத்தான் எங்கள் ஊர் வயல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட சேனல் அது. அதில் ஒருவர் வாயைத் திறந்து சொல்லும் பேச்சுக்கு அப்பா உடனே தலையாட்டுவார். தாத்தாவும் பேத்தியும் ஒரே போனைப் பார்ப்பது அந்தச் சமயத்தில் மட்டும்தான்.

எங்கள் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவுக்கு விழுப்புரம் பக்கம். ஜங்புரா பாராபுல்லா நாலா ஓரத்து மதராசி கேம்ப்பில் முப்பது வருஷம் இருந்தவர். எந்த மொழியும் படிக்கத் தெரியாது. மைக் பொத்தானை அமுக்கி, தமிழில் கேட்டு, மாரியம்மன் பாட்டும் சீரியலும் பார்ப்பார். டிக்டாக்கில் கணக்கு வைத்திருந்தார். மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அதை மூன்று வாரம் தடை செய்தபோதே கலங்கினார். 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு ஒரேயடியாக மூடியபோது, அவரும் அவர் தங்கையும் ஆடி எடுத்து வைத்த வீடியோ எல்லாம் போய்விட்டது.

2025 ஜூன் 1 அன்று மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. தகுதி பெற்ற குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அக்காவுக்கு நரேலா கிடைத்தது. அங்கிருந்து தினம் எங்கள் வீட்டுக்கு வரமுடியாது, வேலையை விட்டுவிட்டார். தீபாவளிக்கு வந்திருந்தார். போன் நிறைந்துவிட்டது, புதுசாக எதுவும் வரமாட்டேன் என்கிறது, கொஞ்சம் காலி பண்ணிக் கொடு பாப்பா என்று மகளிடம் நீட்டினார். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தாள். குட்மார்னிங் படங்கள், பாட்டுகள், யார் யாரோ அனுப்பியவை. கடைசியில் ஒரு வீடியோ, 41 விநாடி. புல்டோசர் வருவதற்கு முந்தின நாள் எடுத்தது. சந்து, தண்ணீர்க் குடம், நீலக் கதவு, கதவில் போன பொங்கலுக்கு ஒட்டிய கோலம்.

"இத மட்டும் விட்டுடு பாப்பா" என்றார்.