ஜமாபந்தியும் கணினிக் கட்டும்

அவனியாபுரம் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011இல். அதற்கு முன் நகராட்சி. அதற்கும் முன் கண்மாயை நம்பிப் பயிர் செய்த கிராமம். எல்லா ஊரையும் போல அங்கும் ஊர்க் கணக்கு எழுதியவர் கர்ணம்தான். எந்தச் சர்வே எண்ணில் என்ன விளைந்தது என்பது இரண்டாம் நம்பர் கணக்கான அடங்கலில் ஏறும்; யாருக்கு எவ்வளவு நிலம், என்ன தீர்வை என்பது சிட்டாவில். ஒரு வரி எழுதியதும் அதைத் தாலுகா கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு அவர் ஓடியதில்லை. வருவாய் ஆண்டான பசலி ஜூன் 30இல் முடியும். அதையொட்டி ஜமாபந்தி கூடும். ஆண்டுக் கணக்கு முழுவதும் ஒரே கட்டாகத் தணிக்கைக்குப் போகும். தரவுத்தளத்தில் லட்சக்கணக்கில் வரிகளை ஏற்றுவோர் இன்று கையாளும் உபாயமும் இதுதான். நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே போய்வரும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். வரிக்கு ஒரு கட்டளை அனுப்பி, அதை அப்போதே உறுதியும் செய்தால், ஒவ்வொரு முறையும் போய்த் திரும்பும் நேரம், கட்டளையை அலசும் வேலை, வட்டில் எழுதி உறுதிசெய்யும் காத்திருப்பு என மூன்றும் சேரும். போய்வர ஒரு மில்லிசெகண்ட் என்றாலும் லட்சம் வரிக்கு 100 நொடி வெறும் நடையிலேயே கழியும். ஆயிரம் ஆயிரமாகக் கட்டினால் 100 நடை போதும். ஜேடிபிசி டிரைவரின் 'பேட்ச்', போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 'காப்பி' என்னும் கட்டாக அனுப்பும் வசதிகள் இரண்டும் முதலில் மிச்சப்படுத்துவது இந்த நடையைத்தான்.

கட்டைப் பெருக்கப் பெருக்க லாபம்தானே என்று கேட்கலாம். யு.டி.ஆர். என்று மக்கள் சொல்லும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டின் பட்டாக்கள் மொத்தமாகத் திருத்தி எழுதப்பட்டன. அந்த வேலை நடக்கும்போதே, 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் பதவியையே ஒழித்தது. கர்ணத்தைப் புனிதராக்க வேண்டியதில்லை. கணக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊரை ஆட்டிவைத்தவர்கள் உண்டு. ஆனால் எந்த வரப்பு யாருடையது என்பது அவர்களுக்குத் தெரியும். யு.டி.ஆரில் பெயர் மாறிய பட்டாக்களும் பரப்பு குறைந்த பட்டாக்களும் ஏராளம். திருத்தக் கோரும் மனுக்கள் வருவாய் அலுவலகங்களில் இன்னும் ஓயவில்லை.

அது காகிதத்தின் குறை, கணினியானால் தப்பான கட்டைத் திருப்பி அனுப்பிவிடும் என்பார்கள். பாதி உண்மை. ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது, பரப்பு என்ற கட்டத்தில் எழுத்து இருக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தால், மீறியதைத் திருப்பும். அண்ணன் நிலம் தம்பி பெயரில் இருந்தால் வாய் திறக்காமல் வாங்கிக்கொள்ளும். 1988-89இல் மத்திய அரசு தொடங்கிய நில ஆவணக் கணினிமயத் திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தபோது கணினியில் ஏறியதும் யு.டி.ஆருக்குப் பிந்தைய கணக்கே. அதன் பிழைகளும் கூடவே ஏறின. கட்டாக அனுப்பியதோடு ஜமாபந்தி நிற்கவில்லை. கணக்கைச் சரிபார்க்க ஓர் அதிகாரி உட்கார்ந்தார், குறை சொல்ல ரயத்துக்கும் அங்கே இடமிருந்தது. நடையை மிச்சம் பிடித்த யு.டி.ஆரில் அந்த உட்காரல் போதாமல் போனது. பட்டா வைத்திருப்பவர்கள் இணையத்தில் வரும் சிட்டாவோடு நின்றுவிடாமல், யு.டி.ஆருக்கு முந்தைய நிலப் பதிவேடான எஸ்.எல்.ஆரின் நகலையும் வாங்கி ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.