அறுவை முடிந்த பிறகு நேரும் மரணங்கள்: ஆப்பிரிக்க ஆய்வுகள் காட்டும் உண்மை

அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு நோயாளி இறந்துவிட்டால், எல்லோருடைய பார்வையும் முதலில் அறுவை அரங்கின் பக்கமே திரும்புகிறது. மருத்துவரின் கை பிசகியதா, மயக்க மருந்து மிகுந்ததா என்றுதான் கேட்கிறோம். இறப்புக்கான காரணத்தைப் பெரும்பாலும் தேட வேண்டிய இடம் அரங்கு அல்ல, அதற்குப் பின் நோயாளி கிடக்கும் வார்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். 2018-இல் லான்செட் இதழில் வெளியான ஆப்பிரிக்க அறுவை சிகிச்சை விளைவுகள் ஆய்வு 25 நாடுகளில், 247 மருத்துவமனைகளில், 11,422 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. அவர்களின் சராசரி வயது 38.5. மூன்றில் ஓர் அறுவை சிசேரியன். இவ்வளவு இளவயதினராக இருந்தும் 2.1 விழுக்காட்டினர் இறந்தனர். இது உலகச் சராசரியைப் போல் இரு மடங்கு. இறந்த 239 பேரில் 225 பேர் அறுவை நடந்த நாளைக் கடந்த பிறகே இறந்தார்கள். அதாவது, மேசையிலிருந்து உயிரோடு இறங்கியவர்கள் அவர்கள்.

நோயாளிகள் முற்றிய நிலையில் தாமதமாக வந்து சேர்வதுதான் காரணம் என்று இதற்கு விடை சொல்லப்படுவதுண்டு. அதில் உண்மை இருக்கிறது; இந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவை அவசர அறுவைகளே. ஆனால் அது மட்டுமே காரணமென்றால் சிக்கல்களும் அதே அளவுக்குப் பெருகியிருக்க வேண்டும். அப்படிப் பெருகவில்லை. சிக்கல் வந்தவர்களைக் காப்பாற்ற முடியாமல் போனதே வேறுபாடு. வசதியான நாட்டிலும் இதே நிலைமைதான் தென்பட்டது. அமெரிக்காவில் 84,730 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு 2009-இல் கஃபேரி, பிர்க்மேயர், டிமிக் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், இறப்பு மிகக் குறைந்த மருத்துவமனைகளில் 24.6 விழுக்காட்டினருக்கும், மிக அதிகமான மருத்துவமனைகளில் 26.9 விழுக்காட்டினருக்கும் சிக்கல் நேர்ந்தது, ஏறக்குறைய சமம். இறப்போ 3.5 விழுக்காட்டிலிருந்து 6.9 விழுக்காடாக உயர்ந்தது.

வார்டில் என்ன நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். சிசேரியன் முடிந்த இளம் தாய்க்கு உள்ளே ரத்தம் கசிந்தால், ரத்த அழுத்தம் உடனே சரிவதில்லை. முதலில் நாடி வேகமெடுக்கும், மூச்சு வேகமாகும், சிறுநீர் குறையும், கைகால் சில்லிடும். வயது குறைந்த உடல் நெடுநேரம் ஈடுகொடுத்துவிட்டுத் திடீரெனக் கைவிடும். இடைப்பட்ட சில மணி நேரம்தான் காப்பாற்றக் கிடைக்கும் காலம். அந்நேரத்தில் நாடியைத் தொட்டுப் பார்ப்பவர் செவிலியர். ஒரே செவிலியர் நள்ளிரவில் வார்டு முழுவதையும் தனியே கவனித்தால், அந்தத் தாயின் நாடி அடுத்து எண்ணப்படுவது விடிந்த பிறகாகவே இருக்கும். 9 ஐரோப்பிய நாடுகளில் லிண்டா எய்க்கன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், செவிலியர் ஒருவரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை நோயாளி மருத்துவமனையில் சேர்ந்த 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7 விழுக்காடு உயர்ந்திருந்தது. இது நோக்காய்வு மட்டுமே, காரணத்தை முற்றாக நிறுவாது. ஆனாலும் மேற்சொன்ன நடைமுறையோடு இது பொருந்தி வருகிறது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஆப்பிரிக்காவிலிருந்தே வந்தது. முதல் ஆய்வைச் செய்தவர்களே அடுத்து 332 மருத்துவமனைகளில் ஒரு சோதனையை நடத்தி 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். அபாயம் மிகுந்த நோயாளிகளை இனங்கண்டு, செவிலியர் மேசைக்கு எதிரே படுக்கை தருவது, அடிக்கடி நாடியும் அழுத்தமும் பார்ப்பது, உறவினரைப் படுக்கையருகே இருக்க விடுவது, கண்காணிப்புக் குறிப்பைப் படுக்கையருகே வைப்பது போன்றவை திட்டம். 28,892 பேரைச் சேர்த்தும், திட்டம் நடைமுறையான மருத்துவமனைகளிலும் வழக்கமான கவனிப்பு தொடர்ந்த மருத்துவமனைகளிலும் இறப்பு 1.3 விழுக்காடாகவே நின்றது. இதை நேர்மையாக ஏற்க வேண்டும். ஆனால் சோதிக்கப்பட்டது கண்காணிப்பு. புதிதாகச் செவிலியரோ, ரத்தமோ, இரவில் திறக்கும் அரங்கோ அத்திட்டத்தில் இல்லை. கூடுதலாகப் பார்க்கச் சொன்னது ஏற்கெனவே பளு தாங்காத அதே ஆட்களைத்தான். ஆபத்தைக் கண்டவருக்கு அழைக்க ஆளும், கொடுக்க மருந்தும் வேண்டும். தோற்றது கண்காணிப்பு மட்டும் போதும் என்ற எண்ணம்; வார்டுதான் உயிரைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தை அந்த முடிவு மறுக்கவில்லை.

லட்சம் பேருக்கு ஒரு நிபுணர்கூட இல்லாத நாடுகளில் முதலில் அறுவை மருத்துவர்களைத்தானே பெருக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. பெருக்கத்தான் வேண்டும். ஆனால் அறுவைகளின் எண்ணிக்கை உயர்ந்து வார்டு அப்படியே இருந்தால், காக்கக்கூடிய உயிர்களே மேலும் போகும். ஆகவே நிதி வழங்கும் அரசுகளும் அறக்கட்டளைகளும் புதிய அரங்குக்குப் பணம் ஒதுக்கும்போதே, அதே ஆணையில் இரவுநேரச் செவிலியர் பணியிடங்களுக்கும் ரத்த வங்கிக்கும் ஒதுக்கட்டும். ஒவ்வொரு இறப்புப் பதிவிலும் ஆபத்தின் முதல் அறிகுறி தெரிந்த நேரமும், முதல் சிகிச்சை தொடங்கிய நேரமும் குறிக்கப்பட வேண்டும்.