முறையும் ஏலமும்: சென்னை 1995, டெல்லி 2010

கோயில் திருவிழாவில் மண்டகப்படி முறை வைத்து வரும். கடை வைக்கும் இடம் ஏலத்தில் போகும். பல நாடுகள் கூடும் விளையாட்டுப் போட்டிகளும் அப்படித்தான். 1995 டிசம்பரில் சென்னை நடத்திய தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டு முறையில் வந்தது. 2010 அக்டோபரில் டெல்லி நடத்திய காமன்வெல்த் விளையாட்டு ஏலத்தில் எடுத்தது. சென்னைக்கு வடக்கே உள்ள எங்கள் மீஞ்சூரிலிருந்து பார்க்கையில், இரண்டிடமும் கற்க வேண்டியது இருக்கிறது.

முதலில் தேர்வு. 'சாஃப்' எனப்பட்ட தெற்காசியப் போட்டி 1984இல் காத்மாண்டுவில் தொடங்கி, டாக்கா, கல்கத்தா, இஸ்லாமாபாத், கொழும்பு என்று சுற்றி, மறுபடி டாக்கா போய், ஏழாவதாகச் சென்னைக்கு வந்தது. டெல்லியோ 2003 நவம்பரில், ஜமைக்காவின் மாண்டிகோ பேயில், கனடாவின் ஹாமில்டனை 46–22 என்ற வாக்குகளில் வென்றது. உறுப்பு நாடு ஒவ்வொன்றுக்கும் பயிற்சிக்கென ஒரு லட்சம் டாலர் தருவதாக இந்தியா சொல்லியிருந்தது. 72 நாடுகளுக்கு 72 லட்சம் டாலர். விருந்தாளிக்குக் கொடுத்த வாக்கு முதலில் நின்றது. ஊராருக்கு என்ன என்பது பின்னால் போனது.

அடுத்து பணம். ஏழு நாடுகளின் போட்டியையும் 71 அணிகளின் போட்டியையும் ஒரே தராசில் நிறுக்க முடியாதுதான். ஆனாலும் டெல்லியில் நடந்ததை அளவு மட்டும் விளக்காது. தொடக்கத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, நேரு விளையாட்டரங்கம் அருகே கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறு நிதியில் 600 கோடி ரூபாய்க்கு மேல் போட்டிப் பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது தவறு என்று அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமே மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். இந்திய வீரர்கள் வென்ற 101 பதக்கங்கள் பெருமைதான். ஏழையின் பங்கை எடுத்து நடத்திய விழாவின் கணக்கை அந்தப் பெருமை நேர் செய்யாது.

மூன்றாவது, மிஞ்சியது. சென்னைப் போட்டியோடு சேர்த்து நினைக்கப்படும் வேளச்சேரி நீச்சல் வளாகமும், நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கமும், பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கமும் பிறகும் பல ஆண்டுகள் பயன்பட்டன. இது சென்னைக்கு நல்ல பெயர்.

ஆனால் அந்த மூன்றும் எங்களுக்குத் தெற்கே இருக்கின்றன. டெல்லி போட்டி நடந்த அதே 2010இன் ஜூலையில், மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் புகைகின்றன. நகரத்துக்குத் தண்ணீரும் மின்சாரமும் எங்கள் பக்கத்து மண் தருகிறது, நீச்சல்குளமோ வேளச்சேரியில். கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து, வண்டி மாறி, நகரத்தையே கடந்துதான் எங்கள் பிள்ளைகள் அங்கே போக வேண்டும். முறையில் வந்த விழாவும் எல்லாருக்கும் முறை தந்துவிடவில்லை.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டியைச் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என நான்கு நகரங்களுக்குத் தமிழ்நாடு பிரித்துக் கொடுத்தது. சரியான திசை அது. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. டெல்லியில் கேள்விகள் தாமதமாகத்தான் உரக்க எழுந்தன. அகமதாபாத்தில் அவை இப்போதே எழ வேண்டும்: யார் பணம், யார் நிலம், கொடிகள் இறங்கிய மறுநாள் அரங்கத்தின் கதவு யாருக்குத் திறக்கும்? நகரத்தின் சுமையைத் தாங்கும் ஓர ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும்.