சிரிப்பே திரையாக: ‘க்ளீ’ தொடரின் உள்ளுறைக் காதலும் ரசிகர் வாசிப்பும்

2009 டிசம்பரில் ஒளிபரப்பான அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ‘க்ளீ’யின் 13ஆம் அத்தியாயத்தில் பள்ளித் தோழர்கள் பலர் ஒரே தொலைபேசி அழைப்பில் பேசிக்கொள்கிறார்கள். உடலுறவு வேறு, காதல் வேறு என்கிறாள் சான்டானா. இரண்டும் ஒன்றென்றால் நானும் சான்டானாவும் காதலர்கள்தானே என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிடுகிறாள் பிரிட்டனி. நொடியில் பேச்சு மாறிவிடுகிறது. சிரிப்புக்காக எழுதப்பட்ட அந்த வரியைச் சிரித்துக் கடக்க மறுத்தார்கள் சில பார்வையாளர்கள். நகைச்சுவைத் தொடரில் பால்புதுமைக் காதலை மறைத்தது சிரிப்பே. அந்தத் திரையை முதலில் விலக்கியவர்கள் ரசிகர்கள். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முன்வரலாறு

ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. 1961இல் அவை தளர்த்தப்படும்வரை தன்பால் காதலைத் திரையில் வெளிப்படையாகச் சொல்ல வழியில்லை. பார்வையாலும் மௌனத்தாலும் உணர்த்தியதைக் குறிப்பறிந்து கொள்ளப் பார்வையாளர்கள் பழகினர். தொல்காப்பியம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பெயரிட்ட குறிப்புப்பொருளை வாசிக்கும் பயிற்சிக்கு நெருக்கமானது இது.

இந்த வாசிப்பு எழுத்தாகவும் மாறியது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கிர்க், ஸ்பாக் என்ற ஆண்கள் இருவரையும் காதலர்களாகக் காட்டிய கதை ஒன்று 1974இல் ரசிகர் இதழில் அச்சானது. இருவர் பெயருக்கும் நடுவே இடும் சாய்கோட்டால் இவ்வகைக் கதைகளுக்கு ‘ஸ்லாஷ்’ என்ற பெயர் நிலைத்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1992இல் ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ், இந்த ரசிகர்கள் வெறும் நுகர்வோர் அல்லர், பொருளை உருவாக்குவோர் என்று நிறுவினார்.

நகைச்சுவைத் தொடர்களை இந்த நோக்கில் அணுகியவர் திரை ஆய்வாளர் அலெக்சாண்டர் டோட்டி. ‘லவெர்ன் அண்ட் ஷெர்லி’ (1976–83) தொடரின் நாயகியர் இருவரும் மில்வாக்கி பீர் ஆலை ஒன்றில் வேலை பார்த்து, ஒரே வீட்டில் வாழ்பவர்கள். ஆண்கள் வருவார்கள், போவார்கள். இருவரின் பிணைப்பு மட்டும் மாறாது. இத்தகைய தொடர்களில் பால்புதுமையைக் காண்பது வலிந்து பொருள்கொள்வதாகாது, பிரதியில் ஏற்கெனவே இருப்பதை அடையாளம் காண்பதே என்று 1993இல் வெளிவந்த நூலில் டோட்டி வாதிட்டார்.

ஓரத்திலிருந்து நடுவுக்கு

‘க்ளீ’யில் பிரிட்டனியாக நடித்த ஹெதர் மோரிஸ், தொடரின் நடிகர்களுக்கு ஒரு பாடலுக்கான நடனத்தைக் கற்றுத்தர அழைக்கப்பட்டவர். வேடம் பிறகே கிடைத்தது. நயா ரிவேரா ஏற்ற சான்டானாவும் தொடக்கத்தில் துணைப் பாத்திரம்தான். வசனம் குறைவாக இருந்ததால், ரசிகர்கள் காட்சியின் ஓரங்களை உற்றுப் பார்த்தனர். பள்ளி நடைவழியில் இருவரும் சுண்டுவிரல்களைக் கோத்தபடி நடப்பார்கள். கதை வேறு யாரையோ பின்தொடரும். ரசிகர்களின் கண்கள் அந்த விரல்களில் நிற்கும். இரண்டு பெயர்களையும் இணைத்து ‘பிரிட்டானா’ என்று இந்த இணைக்குப் பெயர் வைத்தார்கள்.

பின்னர் தொடரும் அதே பக்கம் திரும்பியது. 2010 அக்டோபரில், ஜோடிப் பாடல் பாடலாம் என்று பிரிட்டனி கேட்க, சான்டானா மறுக்கிறாள். அந்த மறுப்பில் அச்சம் தெரிந்தது. 2011 மார்ச்சில், பள்ளியின் பெட்டக வரிசை அருகே நின்று, கண்ணீரோடு தன் காதலைச் சொல்கிறாள். அதுவரை எல்லோரையும் சொல்லால் குத்தியவள், ஊர் என்ன பேசுமோ என்று நடுங்குகிறாள். அவளுடைய பழைய கிண்டல்கள் அனைத்துக்கும் அந்தக் காட்சி புதுப்பொருள் தந்தது. ஆனாலும் ஆண்-பெண் ஜோடிகள் தாராளமாக முத்தமிட்ட தொடரில், இவ்விருவரின் இதழ்முத்தம் 2012 காதலர் தினத்தன்றுதான் திரைக்கு வந்தது. அந்தத் தாமதம் குறித்து ரசிகர்கள் கொண்ட கோபம் நியாயமானது.

2015 பிப்ரவரி 20 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில் இருவரும் மணந்துகொண்டார்கள். கதை நிகழும் ஓஹையோவில் தன்பால் திருமணத்துக்கு அப்போது சட்ட ஏற்பு இல்லை. அதனால், 2014 அக்டோபரிலேயே அத்தகைய திருமணம் சட்டபூர்வமாகிவிட்ட பக்கத்து மாநிலமான இந்தியானாவில் அவர்களின் மணவிழா நடந்தது. நான்கு மாதங்களில், ஜூன் 26 அன்று, நாடு முழுவதும் அந்த உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்கு ஓஹையோவைச் சேர்ந்த ஜிம் ஓபர்கெஃபெலின் பெயரைத் தாங்கியது.

நிறைவேறாத வாசிப்பு

எல்லா வாசிப்பும் மணமேடை ஏறவில்லை. இதே தொடரின் ரேச்சல் பெர்ரியையும் குயின் ஃபேப்ரேயையும் ‘ஃபேபெரி’ என்று இணைத்துப் பார்த்த ரசிகர்களும் ஏராளம். பகையும் ஏக்கமும் கலந்த அந்த உறவைக் கதை ஒருநாளும் காதலாக்கவில்லை. அதற்காக அந்த வாசிப்பைப் பிழை என்று தள்ளக் கூடாது. திரையில் நிறைவேறியதா என்பதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், பொருளைத் தீர்மானிக்கும் உரிமை முழுவதையும் ஆக்கியோரிடமே கொடுத்துவிடுகிறோம். தன்னைப் போன்றோரைத் திரையில் காணாமலே வளர்ந்த ஒருவருக்கு, இரு பெண்களின் பார்வை ஒரு நொடி நீண்டதும் சான்றுதான்.

பிரிட்டானா ரசிகர்கள் தொடரில் இல்லாத எதையும் சேர்க்கவில்லை. ஒரு பெண் தன் காதலைச் சொன்னாள். அதை வேடிக்கை என்று ஒதுக்காமல், அவள் சொன்னதை அப்படியே நம்பினார்கள். தொடர் அந்த நம்பிக்கைக்கு வந்துசேர ஓராண்டுக்கு மேல் ஆனது.